பின் சீட்டுக்குக் கேட்ட சத்தம்

காரைக்கால் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் வீட்டுக்காரர் முதுகில் நான்காவது முறையாகத் தட்டினேன். அவர் நிறுத்தவில்லை. "எஞ்சின் சத்தம் சரியில்லைங்க, நிறுத்துங்க" என்று காதருகே கத்தினேன். "காத்துக்கு அப்படித்தான் கேக்கும்" என்றார். அடுத்த அரை நிமிடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் இறுகி, தார் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு, கோட்டுச்சேரிக்கு முன்னால் ஒரு வயலோரம் போய் நின்றது வண்டி. நாங்கள் விழவில்லை. அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதே வண்டி வைத்திருப்பவர்கள் வரிசையில் நின்று சண்டைக்கு வருவார்கள். பழைய டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். என் அப்பா ஓட்டியது. சேலத்தில் அவர் வைத்திருந்த மோட்டார் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் பதினாறு வருடம் நின்றவள் நான். வாசலில் வந்து நிற்கும் வண்டியின் சத்தத்தை வைத்தே, ஆள் இறங்குவதற்குள் என்ன சாமான் கேட்பார் என்று எடுத்து வைத்துவிடுவேன். அப்பா போன பிறகு கடை தம்பிக்கு, வண்டி எனக்கு. ஆர்சி புத்தகம் என் பேரில் இருக்கிறது. போன வருடம் முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிக்கர் உதைக்க முடியாது. அதனால் ஓட்டுவது வீட்டுக்காரர். ஓட்டி ஓட்டி அது அவருடைய வண்டி ஆகிவிட்டது.

அந்தச் சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கி மூன்று முறை போர் பண்ணியாயிற்று. இப்போது உள்ளே இருக்கும் பிஸ்டனுக்கு மேல் பெரிய பிஸ்டன் கிடையாது. இன்னொரு முறை சூட்டில் பிஸ்டன் பலமாக இறுகிப் பிடித்துச் சிலிண்டரில் கீறல் விழுந்தால் அப்பாவின் எஞ்சின் அதோடு சரி. காயலான் கடை. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் நான்கு முறை தட்டியும் நிறுத்தவில்லை.

இந்தப் பயணமே அவர் ஆசை. அவரோடு ஆபீஸில் வேலை பார்த்தவருக்குக் காரைக்காலில் வீடு. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கல்யாணம். பழைய ஆபீஸ் கூட்டம் முழுக்க வரும். மண்டப வாசலில் இந்த வண்டியில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

வண்டியைப் புதுப்பித்துக் கொடுத்த சேலத்து ஆள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. எட்டு மாதம் வைத்திருந்தார். மாற்ற வேண்டிய சாமான்களை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியே 'கிராங்க் ஆயில் சீல், ரெண்டு பக்கமும்'. எஞ்சினுக்குள் காற்று போகாமல், எண்ணெய் வெளியே வராமல் அடைக்கிற ரப்பர் வளையம் அது. அவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அக்கா ரொம்ப விவரங்க" என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். வண்டியை எடுக்கப் போனபோது குரோமியத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். "சீல் மாத்துனீங்களா?" என்றேன். "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்றார். ரப்பர் கல்லு மாதிரி இருந்தால் அது கெட்டுப்போனது என்று அர்த்தம். அன்றைக்கே வண்டியை அங்கே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

கும்பகோணம் தாண்டியதிலிருந்தே எஞ்சின் என்னிடம் புகார் சொல்லிக்கொண்டு வந்தது. சூடேறிய பிறகு ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் சத்தம் இறங்காமல் மேலேயே நின்று கத்தும். எங்கிருந்தோ காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். எல்லை தாண்டியதும் பெட்ரோல் மலிவு என்று, தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதைப் போல, டேங்க் நிறைய நிரப்பினார். நான் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் அதில் ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் எண்ணெயையும் அவரே கலந்து முடித்திருந்தார். அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் சத்தம் இன்னும் மோசமானது, நான் தட்டினேன், அவர் காற்றைக் குற்றம் சொன்னார்.

வயலோரம் நின்ற எங்களைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் நான்கு பேர். உதவி என்று கேட்காமலே வருவதில் டெல்டாக்காரர்களை அடிக்க ஆளில்லை. களை எடுத்துவிட்டு வந்த ஒருவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "பிளக்குதாண்ணே போயிருக்கும்" என்றார். இன்னொருவர், "கார்ப்பரேட்டர்ல குப்ப வந்துருக்கும், ஊதி உட்டா கெளம்பிடும்" என்றார். நான், "பிஸ்டன் பிடிச்சிருக்குது. ஆறட்டும்" என்றேன். "நீங்க அந்த நெழல்ல போய் உக்காருங்கம்மா" என்றார் களை எடுத்தவர், அன்பாகத்தான். அந்த அன்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மணி நேரம் ஆறிய பிறகு கிக்கர் இறங்கியது. மாட்டுவண்டி வேகத்தில் ஊருக்குள் வந்து லாட்ஜில் விழுந்தோம். ராத்திரிச் சாப்பாடு பரோட்டாவும் மீன் குழம்பும். சேலத்தில் மீன் என்ற பெயரில் எங்களுக்குக் கிடைப்பது ஐஸ் கட்டி என்று அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு தெரிந்தது. கோபத்தில்கூட இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் சாப்பிடும்போது பிளக்கைப் பற்றியே பேசினார்.

வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்தால் குரோமியம் முழுக்கப் பிசுபிசுவென்று உப்பு. கடல் காற்றுக்குச் சேலத்து மினுக்கல் பிடிக்கவில்லை. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். சீலை மறந்துவிட்டுச் சைலன்சரைத் துடைக்கிற மனுஷனோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்துகிறேன்.

லாட்ஜ்காரர் சொன்ன ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆர்சி கேட்பார் என்று பையைத் திறந்தேன். "எந்த வருஷத்து வண்டி சார்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, டேங்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பினார். ஆர்சி புத்தகத்தை மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்காரர் நல்ல வேலைக்காரர், கெட்ட காது. பிளக்கை மாற்றினார். கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினார். பாயிண்ட் சரிபார்க்க வலது பக்க டைனமோ மூடியைக் கழற்றினார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஈரம். கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. சீல் வெடித்து, எஞ்சினுக்குள் இருப்பது வெளியே கசிகிறது, வெளிக்காற்று உள்ளே போகிறது. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"அண்ணே, அங்க எண்ணெய் கசிஞ்சிருக்குது பாருங்க. சீல் போயிருக்குது" என்றேன்.

"பழைய வண்டின்னா கசியத்தாம்மா செய்யும்" என்று சொல்லிக்கொண்டே பனியன் வேஸ்ட்டை எடுத்து அந்த ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். என் கண் முன்னால். பிறகு வீட்டுக்காரரிடம், "சார், இப்ப ஓட்டிப் பாருங்க" என்றார். இவரும் நன்றி சொல்லிவிட்டு ஏறினார். இரண்டு பேரையும் ஒரே கல்லில் கட்டி அரசலாற்றில் இறக்கலாம் போல இருந்தது.

ஆற்றுப் பாலம் வரை பட்டுப்போல ஓடியது. அவர் திரும்பி, "பாத்தியா? பிளக்குதான்" என்றார். பாலத்தைத் தாண்டியதும் சத்தம் தானாக ஏறியது. தட்டினேன். "இப்பத்தான் சூடாவுது" என்றார். ஓங்கி ஒரு குத்து விட்டேன். அதற்குள் எஞ்சின் இறுகி, ஒரு முக்கல் முக்கிச் செத்தது. கிளட்ச்சைப் பிடித்துவிட்டதால் தப்பித்தோம். பின்னால் வந்த பஸ்காரர் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியது நியாயம்.

அங்கேயே இறங்கி, சாவியைக் கழற்றி என் கைப்பையில் போட்டேன்.

"என்ன பண்றே?"

"சீல் மாத்துற வரைக்கும் இந்த வண்டி ஓடாது."

"நாளன்னிக்கு கல்யாணம். என்னைய நடுரோட்டுல அசிங்கப்படுத்துறியா?"

"எங்கப்பா எஞ்சினுங்க அது" என்றேன்.

வண்டியை லாட்ஜுக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, சீல் தேடி உதிரிபாகக் கடைக்குப் போனால் பூட்டு. ஜும்ஆ தொழுகை. கடைப்படியில் காத்திருந்தோம். எதிரே ஒரு அம்மா இறால் வைத்த வாடா சுட்டுக்கொண்டிருந்தார். அரிசி மாவும் வெங்காயமும் முறுகலாக, நடுவில் இறால். எங்கள் ஊர் தட்டுவடை செட்டை உலகத்திலேயே உசத்தி என்று பேசித் திரிந்தவள், வாயை மூடிக்கொண்டு நான்கு தின்றேன். வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. அவராகப் போய் வாங்கிக்கொண்டார்.

தொழுகை முடிந்து கடைக்கார பாய் வந்தார். "அஸ்ஸலாமு... வாங்க வாங்க, ரொம்ப நேரமா நிக்கிறியளா?" என்றார். நான் சீலின் உள் அளவு, வெளி அளவு, கனம் மூன்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். "நீங்க கடை வச்சிருந்தியளாம்மா?" என்றார். சுருக்கென்று கண் கலங்கியது. மூன்று டப்பாவைக் கவிழ்த்துத் தேடிவிட்டு, "இந்த அளவு நம்மகிட்ட இல்லம்மா. டூ ஸ்ட்ரோக்க இப்ப யாரு ஓட்டுறா? கடல்லதான் ஓட்டுறாங்க. கோட்டுச்சேரிமேட்டுல செல்வமணின்னு போட் எஞ்சின் பாக்குறவரு இருக்காரு. அவருகிட்ட இல்லாத சீல் கெடையாது. காலைல போங்க" என்றார்.

சனிக்கிழமை லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றினோம். வண்டியை வண்டியில் ஏற்றியதை ஊரே பார்த்தது. "புது வண்டி கணக்கா மின்னுது, இத எதுக்குங்க ஏத்துறீங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "மின்னுறதுக்கு மட்டும்தான் செலவு பண்ணிருக்கோம் தம்பி" என்று நான் சொன்னேன்.

கோட்டுச்சேரிமேட்டில் கடலுக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு தகரக் கொட்டகை. ஃபைபர் படகுகளின் எஞ்சின்கள் மரச்சட்டங்களில் தலைகீழாகத் தொங்கின. மண்ணெண்ணெயும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும் மீனும் கலந்த வாடை. செல்வமணிக்கு நாற்பது வயது இருக்கும். வண்டியை இறக்கக் கை கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இதுல பின்னால உக்காந்து வந்தது யாருங்க?"

"எங்க வீட்டுலதான்" என்றார் வீட்டுக்காரர். "ஓட்டுனது நானு. என்னையக் கேளுங்க, சொல்றேன். பிளக் மாத்தியாச்சு, கார்ப்பரேட்டர்..."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டிருப்பீங்கண்ணே. எஞ்சின யாரு பாத்தது?"

வீட்டுக்காரர் விழித்தார். எனக்கும் புரியவில்லை.

"எங்க போட்டுல அணியத்துல நிக்கிறவன், அதான் முன்னால நிக்கிறவன், தண்ணியப் பாப்பான், வலையப் பாப்பான். அமரத்துல, பின்னால எஞ்சினோட உக்காந்துருக்கான் பாருங்க, அவந்தான் எஞ்சின்காரன். ரிப்பேருன்னு வந்தா அவன்கிட்டதான் கேப்பேன். முன்னால நிக்கிறவன் சொல்றத நான் எடுத்துக்கறதே இல்ல. அவனுக்குக் காத்துதான் கேக்கும்." என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கக்கா. சத்தம் எப்புடி மாறுச்சு?"

வியாழக்கிழமையிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கும்பகோணத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் தானாக ஏறியது, இறங்காமல் நின்றது, டைனமோ மூடிக்குள் இருந்த ஈரம், அதை ஒருவர் துடைத்தது. அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறைகூட இடைமறிக்காமல் கேட்டார். சொல்லச் சொல்ல என் குரல் நடுங்கியது. அழுகை என்று வீட்டுக்காரர் நினைத்து என் தோளைத் தொட வந்தார். கையைத் தட்டிவிட்டேன். அது கோபம்.

"புகை?" என்று கேட்டார் செல்வமணி.

"சேலத்துல இருந்து நீலமா வந்துக்கிட்டே இருந்துச்சு. பார்டர் தாண்டுனப்புறம் அவ்வளவா இல்ல. எஞ்சின் சூடு, அதனாலன்னு நெனச்சேன்."

அவர் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்து, பெட்ரோலைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேய்த்தார். "எண்ணெய் எவ்வளவுக்கா ஊத்துவீங்க?"

"லிட்டருக்கு அம்பது மில்லி. அப்பா காலத்துல இருந்து அதுதான்."

"இதுல அவ்வளவு இல்லையே. நீங்களா கலந்தீங்க?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"பாதிதான் ஊத்துனேன்" என்றார் கடைசியில். "மண்டபத்து வாசல்ல புகையா விட்டா எல்லாரும் சிரிப்பாங்க..."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெடித்த சீல் வழியாக ஏற்கெனவே காற்று போகிறது. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அதில் இருந்த எண்ணெயையும் இந்த மனுஷன் பாதியாக்கியிருக்கிறார், நான்கு பழைய ஆபீஸ்காரர்கள் சிரிக்கக் கூடாது என்பதற்காக. மூன்று நாளாகப் பிளக், பிளக் என்று சொன்ன வாய் இதை ஒரு தடவை சொல்லவில்லை. புகை குறைந்ததைப் பார்த்தும் கேட்காமல் விட்ட என் மேலும் கோபம். "எங்கப்பா இருந்திருந்தா உங்களக் கடைப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு" என்றேன். செல்வமணி தலையைக் குனிந்துகொண்டு டைனமோவைக் கழற்ற ஆரம்பித்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் வேலை செய்து பழகியவர் போலிருக்கிறது.

சீலை நெம்பி எடுத்தார். காய்ந்த வடகம் போல இரண்டாக உடைந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். எட்டு மாதம், அத்தனை குரோமியம், ஒரு விரல் அகலத்து ரப்பருக்கு மனசு வரவில்லை. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியே போகும் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். நான் பக்கத்தில் குந்த முடியாமல் குனிந்து நின்றேன்.

"பிஸ்டன்ல கீறல் இருக்குக்கா. சிலிண்டர்ல லேசாத்தான். பொழச்சிக்கிச்சு" என்றார். "இன்னும் ஒரு தடவ இழுத்திருந்தா பேச்சே இல்ல."

கொட்டகை ஓரத்தில் கிடந்த நைலான் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

படகு எஞ்சின் சீல்கள் கிடந்த பால்மாவு டப்பாக்களில் நான்காவது டப்பாவில் எங்கள் அளவு இருந்தது. மறுபக்கச் சீலையும் மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் மாற்றினார். மத்தியானம் அவர் மனைவி சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்தார். எங்களுக்கும் போட்டார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. எண்ணெயை நானே அளந்து ஊற்றினேன். சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணியபோது நீலப்புகை கொட்டகையை நிறைத்தது. ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுத்ததும் சத்தம் ஒழுங்காக இறங்கியது. அப்பா கடை வாசலில் கேட்ட அதே சத்தம்.

கிளம்பும்போது செல்வமணி வீட்டுக்காரரிடம் சொன்னார்: "கொஞ்ச தூரத்துக்கு வெரட்டாதீங்கண்ணே. அக்கா தட்டுனா நிறுத்துங்க. எதுக்குன்னு கேட்டுக்கிட்டே ஓட்டாதீங்க. நிறுத்திட்டுக் கேளுங்க. கடல்ல நாங்க அப்புடித்தான்."

"சரிங்க தம்பி, சரிங்க" என்றார் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் புகைவிட்டுக்கொண்டே போய் இறங்கினோம். யாரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். பந்தியில் நான் பாயசத்துக்குக் காத்திருந்தபோது அடுத்த வரிசையில் இவர் குரல் கேட்டது: "சத்தத்த வச்சே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது சீல் கம்ப்ளெய்ன்ட்டுன்னு." பாயசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

ஊர் திரும்பும் வழி. எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடியது. காரைக்கால் எல்லையைத் தாண்டியதும், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, அவர் தோளில் ஒரே ஒரு முறை தட்டினேன். அதுவும் லேசாக. கையை எடுப்பதற்குள் கிளட்ச்சைப் பிடித்து, ஓரம் கட்டி, காலை ஊன்றி நிறுத்திவிட்டார். முகமெல்லாம் பதற்றம்.

"என்ன? சத்தம் ஏறுதா? சீலா?"

"ஒண்ணுமில்ல. நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா? நீ சொன்னதும் நிறுத்திட்டேன்."

"நான் சொன்னதுக்கா நிறுத்துனீங்க?" என்றேன். "நான் இருபத்திரண்டு வருஷமாத் தட்டுறேன். அந்தச் செல்வமணி ஒரு தடவதான் சொன்னாரு."

அவர் சிரிப்பு நின்றது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். எஞ்சின் மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.